தனியாக ஜப்பானில் இலையுதிர்காலம்: திருவிழாவுக்குத் தேதி உண்டு, இலைக்கு உயரம்தான் கணக்கு

செப்டம்பர் 4, வாசகர் ஒருவரின் கேள்வி

அக்டோபர் இரண்டாம் வாரம் முதன்முறையாக ஜப்பானுக்குத் தனியாகப் போகிறேன். தகயாமா திருவிழாவையும் கியோட்டோவின் சிவந்த மேப்பிள் இலைகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும். துணைக்கு யாரும் இல்லாததால் பயம். அதனால் எந்த நாள் எந்த ஊர் என்று எல்லாவற்றையும் எழுதிப் பதிவும் செய்யத் தொடங்கிவிட்டேன். இலை பார்க்கக் கியோட்டோவுக்கு நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறேன். போதுமா?

செப்டம்பர் 4, இரவு

நான்கு நாள் அல்ல, நாற்பது நாள் முன்னதாகப் போகிறீர்கள். அக்டோபர் நடுவில் கியோட்டோ நகரம் முழுப் பச்சை. அங்கே மேப்பிள் சிவப்பது நவம்பர் பிற்பாதியில்; பல ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரம் வரை இழுக்கும். மலைநகரமான தகயாமாவின் விழா அக்டோபர் 9, 10. எந்தக் கிழமை வந்தாலும் அதே தேதிகள்தான். இந்த இரண்டையும் ஒரு பயணத்துக்குள் கட்ட முடியாது.

ஆனால் இலையைக் கைவிட வேண்டாம். கியோட்டோவை மட்டும் கைவிடுங்கள். கியோட்டோ விடுதிப் பதிவை இலவசமாக ரத்து செய்ய முடியும் என்றால் இன்றே செய்துவிடுங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 5

திருவிழா தேதியில் நிற்கும். இலை உயரத்தில் நகரும். தனியாகப் போகிறவர் முதலில் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இலை நிறம் மாறக் காரணம் குளிர். இரவு குளிரக் குளிர, பகலும் சுருங்கச் சுருங்க, மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைத்து அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிங்கோ மரத்தில் ஏற்கனவே உள்ளே இருந்த மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரிகிறது. மேப்பிளில் நடப்பது வேறு: இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாகச் சிவப்பு நிறமி உண்டாகிறது. அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் சேர்ந்து வேண்டும். அதனால்தான் மஞ்சள் ஏறக்குறைய எல்லா ஆண்டும் நன்றாக இருக்கிறது. சிவப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். எனவே நிறம் வடக்கிலிருந்து தெற்கே வருவதோடு, உச்சியிலிருந்து அடிவாரத்துக்கும் இறங்குகிறது. ஹொக்கைடோவின் தைசெட்சுசான் மலைகளில் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். 2,450 மீட்டரில் இருக்கும் தத்தேயாமாவின் முரோதோவில் செப்டம்பர் இறுதி. டோக்கியோவுக்கு வடக்கே உள்ள நிக்கோவில் இதை ஒரே நாளில் கண்ணால் பார்க்கலாம்: அக்டோபர் பிற்பாதியில் 1,269 மீட்டரில் உள்ள சூசென்ஜி ஏரிக்கரை சிவந்திருக்கும், கீழே தோஷோகு கோயில் பக்கம் இன்னும் பச்சையாக இருக்கும். அங்கே நிறம் வர நவம்பர் ஆக வேண்டும்.

உங்கள் தேதிக்கு வருவோம். அக்டோபர் 9, 10-இல் தகயாமா நகரம் பச்சை. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயணித்தால் ஷின்ஹோதகா ரோப்வே. இரண்டு கட்டமாக ஏறி மேல் நிலையத்தில் இறங்கினால் 2,156 மீட்டர். அக்டோபர் முதல் பாதியில் நிறம் அந்த உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் தேடுகிற இலை, நீங்கள் ஏற்கனவே தங்கப்போகும் ஊருக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. கியோட்டோவுக்கு ஓட வேண்டியதில்லை.

செப்டம்பர் 5, சற்றுப் பிறகு

ரோப்வேக்குக் கனமான சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சட்டைக் கையை மடித்துவிட்டு ஏறியவர்கள் மேலே நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 8

தகயாமா விழா பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: மழை பெய்தால்?

மழை பெய்தால் தேர்கள் வெளியே வராது. அரக்கும் தங்கத் தகடும் பட்டுத் திரையும் போர்த்திய, பல தலைமுறை பழைய தேர்கள் அவை. யாரும் நனைய விடமாட்டார்கள். இலையுதிர்கால விழா நகரின் வடபகுதியில் இருக்கும் சகுராயாமா ஹாச்சிமான் ஆலயத்தினுடையது; 11 தேர்கள். வசந்தகால விழா ஏப்ரல் 14, 15-இல் வேறோர் ஆலயத்தில் நடக்கும். இணையத்தில் இரண்டு விழாக்களின் படங்களும் கலந்தே கிடப்பதால், எந்தத் தேர் எப்போது வரும் என்று பலர் குழம்புகிறார்கள்.

நான் போன ஆண்டில் முதல் நாள் காலையிலிருந்தே தூறல். தேர்கள் வரவில்லை. ஆனால் தேர்க்கொட்டகைகளின் உயரமான கதவுகளைத் திறந்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு கொட்டகையாக நடந்தேன். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகப் பார்க்க வேண்டிய தேரை, இரண்டடி தூரத்தில் நின்று, அச்சாணியின் உலோக வேலைப்பாடு வரை பார்த்தேன். ஒரு கொட்டகையில் முதியவர் ஒருவர் திரைத்துணியின் மடிப்பை விரலால் காட்டி நெடுநேரம் விளக்கினார். பாதிதான் புரிந்தது. நான்கைந்து பேராகப் போயிருந்தால் யாராவது ஒருவர் "விழாதான் இல்லையே, போகலாம்" என்று இழுத்துப் போயிருப்பார்கள். தனியாக இருந்ததால் நின்றேன்.

மறுநாள் வெயில். ஹோதெய் என்ற தொந்தித் தெய்வத்தின் பொம்மை இருக்கும் தேரின் பொம்மலாட்டம் ஆலய முற்றத்தில் நடந்தது. இரண்டு சிறுவர் பொம்மைகள் ஊஞ்சல் கட்டைகளைப் பற்றித் தாவித் தாவி வந்து ஹோதெய்யின் தோளில் ஏறும். கயிறு இழுப்பவர்கள் தேருக்குள் மறைந்திருப்பார்கள். அந்தக் கடைசித் தாவலுக்கு முற்றம் முழுவதும் மூச்சைப் பிடிக்கிறது. எப்பாடுபட்டாவது பாருங்கள். நடுவில் இடம் பிடிக்க முன்கூட்டியே போக வேண்டும், ஆனால் ஒருவர் நிற்க இடம் எப்போதும் கிடைத்துவிடும்.

9-ஆம் தேதி மாலை விளக்கு ஊர்வலத்தை விட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு தேரிலும் காகித விளக்குகள் நிறைய ஏற்றி வருவார்கள். என்னைக் கேட்டால் பகலைவிட இரவே அழகு.

செப்டம்பர் 9

விடுதி. விழா நாட்களுக்குத் தகயாமாவில் அறை பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ரயிலில் கால் மணி நேரத் தொலைவில் ஹிதா ஃபுருகாவா இருக்கிறது, அமைதியான ஊர். அதுவும் நிறைந்துவிட்டால் தொயாமா. அங்கிருந்து விரைவு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் விளக்கு ஊர்வலம் பார்ப்பதானால் கடைசி ரயில் நேரத்தை முதலில் பாருங்கள்.

தனியாகப் போகிறவர் சந்திக்கும் உண்மையான சிக்கல் ரியோகான்தான். இந்த மரபு விடுதிகளில் கட்டணம் அறைக்கு அல்ல, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் சேர்ந்தது. இருவர் தங்கும் அறையில் ஒருவர் தங்கினால் அவர்களுக்கு நட்டம். எனவே சனிக்கிழமைகளிலும் இலைக்காலத்திலும் ஒருவருக்கு அறை இல்லை என்றே பல இடங்களில் பதில் வரும். ஒரு மலை விடுதி எனக்கும் அப்படித்தான் எழுதியது. அதே விடுதி செவ்வாய்க்கிழமை என்று கேட்டதும் அறை கொடுத்தது. ஆகையால் ரியோகான் ஆசையை வாரத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்குச் சாதாரண ஒற்றை அறை ஹோட்டல் போதும்.

செப்டம்பர் 9, பிற்பகல்

பயத்தால் எல்லாவற்றையும் பதிவு செய்யத் தொடங்கியதாக முதல் வாசகர் எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்ய வேண்டியது திருவிழா இரவுகளின் விடுதி மட்டும். இலை பார்க்கும் நாட்களை ரத்து செய்ய முடிந்த அறைகளாக வைத்திருங்கள். ஜப்பானில் இடத்துக்கு இடம் இலை எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிக்கை இலைக்காலம் முழுதும் வந்துகொண்டே இருக்கும்: நிறம் தொடங்கியது, உச்சம், உதிரத் தொடங்கியது என்று. முந்தைய நாள் மாலை அதைப் பார்த்து மறுநாள் எந்த உயரம் என்று முடிவு செய்யலாம். கூட்டமாகப் போகிறவர்களால் அது முடியாது, ஒருவரால் முடியும்.

பெரிய பெட்டியை ஒரு ஹோட்டலிலிருந்து அடுத்த ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். தோளில் ஒரு பை மட்டும் இருந்தால் நினைத்த பஸ்ஸில் ஏறலாம். டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலான டோகைடோ ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் உள்ள பெட்டிக்கு அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

செப்டம்பர் 14

இன்னொரு வாசகர்: "அக்டோபர் 22-இல் கியோட்டோவில் ஜிதாய் ஊர்வலம், அன்றிரவே குராமா தீ விழா. இரண்டையும் ஒரே நாளில் தனியாகப் பார்த்தேன், சுலபம்தான்."

பார்க்கலாம். சுலபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜிதாய் ஊர்வலம் எளிது. 1895-இல் ஹெயான் ஆலயம் எழுந்த ஆண்டில் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் மெய்ஜி காலத்தில் ஆரம்பித்து முற்காலத்தை நோக்கிப் பின்னால் போகும் உடைகளில் சுமார் 2,000 பேர் அரண்மனைப் பூங்காவிலிருந்து ஆலயம் வரை நடப்பார்கள். அகலமான தெரு, பகல் வெளிச்சம், எங்கே நின்றாலும் தெரியும்.

குராமா அப்படி அல்ல. மலை இடுக்கில் ஒற்றைத் தெரு. போவதற்குச் சிறிய எய்சான் ரயில். ஆளுயரப் பந்தங்கள் தெருவில் வரும்போது காவலர்கள் கூட்டத்தை நிற்க விடாமல் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். திரும்பும் ரயிலுக்கு நீண்ட வரிசை. தனியாக முதன்முறை வருகிறவருக்கு இரவில் இது கடினம். தீயை விரும்புகிறவர் போகட்டும்; பிற்பகலிலேயே ஊருக்குள் போய்விட வேண்டும். அந்த ஆண்டு விழா நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2018-இல் புயல் சேதத்தால் நடக்கவில்லை.

இன்னொன்று: அன்றைக்கும் கியோட்டோவில் இலை பச்சைதான்.

செப்டம்பர் 15

புயல் என்று நேற்று எழுதியதும் கேள்விகள் வந்திருக்கின்றன. செப்டம்பரும் அக்டோபரும் புயல் மாதங்கள். 2019 அக்டோபர் 12-இல் கரையேறிய ஹகிபிஸ் புயலில் நாகானோவில் நிறுத்திவைத்திருந்த ஹொகுரிகு ஷின்கான்சென் ரயில்களே வெள்ளத்தில் மூழ்கின. பெரும்புயல் வருகிறது என்றால் ரயில் நிறுவனங்கள் முன்னதாகவே அறிவித்து ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றன. அறிவிப்பு வந்தவுடன் நகருங்கள், அல்லது இருக்கும் இடத்திலேயே இன்னோர் இரவு தங்குங்கள். மலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள், தனியாக இருப்பவர் மாட்டிக்கொண்டதைக் கவனிக்க ஆள் இல்லை. நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் மலை வேண்டாம்.

செப்டம்பர் 21

கரடி. பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் எழுதாமல் விட முடியாது. குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடிகள் தீனி தேடி அலையும் பருவமும் இலை சிவக்கும் பருவமும் ஒன்று. பீச் மரக் காய்ப்பு பொய்த்த ஆண்டில் அவை ஊர்ப்பக்கம் இறங்குகின்றன. 2023 நிதியாண்டில் ஜப்பானில் 200-க்கும் மேற்பட்டோர் கரடியால் தாக்கப்பட்டார்கள். வடகிழக்கு மாவட்டங்களில்தான் அதிகம்.

தனியாக நடப்பவருக்கு இது வேறு விஷயம். நாலு பேர் பேசிக்கொண்டே போனால் அந்தச் சத்தத்துக்கே கரடி விலகும். தனி ஆள் சத்தமில்லாமல் நடப்பார். பையில் மணி கட்டுங்கள், காதில் பாட்டு வேண்டாம், விடியலிலும் அந்தியிலும் காட்டுப்பாதை வேண்டாம், எச்சரிக்கைப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். வடகிழக்கிலுள்ள ஒய்ராசே ஓடைக்கரைப் பாதை எனக்கு மிகவும் பிடிக்கக் காரணம், அதன் அருகிலேயே பஸ் ஓடும் சாலையும் போகிறது. களைத்தால் அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். அங்கே அக்டோபர் கடைசி வாரம் போனால் தண்ணீரின் மேல் முழுவதும் மஞ்சள்.

செப்டம்பர் 22

அந்தி என்றதால்: நவம்பர் இறுதியில் கியோட்டோவில் மாலை 4.45-க்கே சூரியன் மறைகிறது. இலையுதிர்காலச் சூரியன் கிணற்றில் விழும் வாளி என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. பள்ளத்தாக்குகளில் மூன்று மணிக்கே நிழல். சூரியனுக்கு எதிரே நின்று, கீழிருந்து, ஒளி இலைக்குள் ஊடுருவும்படி பார்த்தால்தான் மேப்பிளின் சிவப்பு முழுதாகத் தெரியும். எனவே காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை இலைக்குக் கொடுங்கள். சாப்பாட்டையும் கடைகளையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 30

கியோட்டோ நவம்பர் பற்றிப் பலர் கேட்டுவிட்டதால் தனியாக எழுதுகிறேன்.

ஜப்பான் வானிலை முகமை 1953 முதல் மேப்பிள் நிறம் மாறும் நாளைப் பதிவு செய்து வருகிறது. பத்தாண்டுக்குச் சுமார் 3 நாள் வீதம் அது தள்ளிப்போகிறது. அதனால் பழைய பயண நூல் "நவம்பர் நடு" என்று சொன்னால் ஒரு வாரம், பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். நவம்பர் 23 அரசு விடுமுறை. அதை ஒட்டிய வார இறுதியில் நகரப் பஸ்ஸில் ஏறவே முடியாது. சுரங்க ரயிலும் கால்களும்தான்.

செப்டம்பர் 5-இல் சொன்ன உயரக் கணக்கு கியோட்டோவுக்குள்ளும் செல்லும். வடமேற்கு மலையிலுள்ள தகாவோவில் ஜிங்கோஜி, சைம்யோஜி, கோசான்ஜி கோயில்கள் மூன்றும் நகரத்துக்கு முன்பே சிவந்துவிடும். நவம்பர் நடுவில் வருகிறவர்கள் நகரத்துக் கோயில்களில் ஏமாந்து நிற்காமல் அங்கே ஏறுங்கள். ஜிங்கோஜிக்குப் போகும் கற்படிகள் நீளம். மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறலாம், அவசரப்படுத்த யாரும் இல்லை.

நகரத்திலுள்ள தோஃபுகுஜி கோயிலில் பள்ளத்தாக்கின் மேல் கட்டிய த்சூதென் பாலத்திலிருந்து பார்த்தால் கீழே மேப்பிள் உச்சிகள். உச்சக் காலத்தில் பாலத்தின்மேல் படம் எடுக்கத் தடை. எனக்கு அந்தத் தடை பிடித்திருக்கிறது. கையில் கேமரா இல்லாமல் நகரும் கூட்டத்தில் எல்லோரும் உண்மையிலேயே பார்க்கிறார்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். எய்கான்தோ கோயிலில் இரவு விளக்கொளிக்கு வேறு டிக்கெட். பகலில் போனவர்களை வெளியேற்றிவிட்டே இரவு விடுகிறார்கள். பகலா இரவா என்றால் நான் இரவைத் தேர்வேன், குளத்தில் விழும் பிம்பத்துக்காக.

உதிர்ந்த பிறகும் போகலாம். பாசியின் மேல் சிவப்பு விரிந்து கிடப்பதைப் பார்க்க டிசம்பர் முதல் வாரத்துக்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் பாதியாகிவிடும். "உச்சம் போய்விட்டது" என்று பயணத்தை ரத்து செய்ய நினைக்கிறவர் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அக்டோபர் 2

தனியாகச் சாப்பிடுவது பற்றி: கவுண்டர் இருக்கைகள் எங்கும் உண்டு, தனியாக வருகிறவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது மீன் சாறு. காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரியும் குழம்பிலும் நூடுல்ஸிலும் அது இருக்கும். கோயில்களின் ஷோஜின் சமையல் சைவம். பல இடங்களில் முன்பதிவு வேண்டும். ஒசாகா அருகே மினோவில் மேப்பிள் இலையையே நீண்ட காலம் உப்பில் ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள். அருவிவரை நடக்கும்போது கொறிக்க நல்லது.

அக்டோபர் 3

ரயில் பாஸ். நாடு முழுதும் ஜேஆர் ரயில்களில் ஏற உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. நாகோயா, தகயாமா, தொயாமா என்று ஒரு பகுதிக்குள் சுற்றுகிறவருக்கு அது வேண்டாம். தனித்தனி டிக்கெட்டே மலிவு.

அக்டோபர் 6

முதல் கேள்வி கேட்டவர் கியோட்டோவை நீக்கிவிட்டுத் திருத்திய திட்டத்தை அனுப்பியிருக்கிறார்: 8-ஆம் தேதி மாலை ஃபுருகாவா, 9, 10 விழா, 11 ரோப்வே, 12 கமிகோச்சி. நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம்: 9-ஆம் தேதி மழை என்று முன்னறிவிப்பு வந்தால் கொட்டகைகளைக் காலையில் பாருங்கள். 10-ஆம் தேதியும் மழை என்றால், அன்று மலையும் மேகத்துக்குள்தான் இருக்கும். ரோப்வேக்குப் போய் வெள்ளையைப் பார்க்க வேண்டாம், பழைய தெருக்களில் நடங்கள்.

கமிகோச்சி மலைப் பள்ளத்தாக்கு 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே நிறத்துக்கு 12-ஆம் தேதி சற்று முந்தி. ஊசியிலை லார்ச் மரங்கள் பொன்னாவது மாதக் கடைசியில்தான். ஆனால் மேலே ஹோதகா சரிவுகளில் நிறம் இருக்கும், ஆறு தெளிவாக இருக்கும். தனியார் கார்களுக்கு அனுமதியில்லை, பஸ் அல்லது டாக்சிதான். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் திரும்பிவிடுங்கள்.

அக்டோபர் 13

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: விழாவின் இரண்டு நாளும் வெயில், 11-ஆம் தேதி மேலே மூடுபனி, எனவே ரோப்வேயை 12-க்கு மாற்றிக் கமிகோச்சியை விட்டுவிட்டாராம். "யாரிடமும் கேட்காமல் மாற்றினேன்" என்ற வரியை மட்டும் தனியாக எழுதியிருக்கிறார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அக்டோபர் 19

டிசம்பரில் டோக்கியோவில் வேலை, அதன் நடுவே ஒரு நாள்தான் கிடைக்கும் என்கிறார் வேறொருவர். டிசம்பர் 3 இரவு, டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள சிச்சிபுவின் தேர்த் திருவிழா. ராட்சதத் தேர்களைச் செங்குத்தான சரிவில் இழுத்து ஏற்றுவார்கள், மேலே வாணவேடிக்கை. தகயாமாவைப் போல இதுவும் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 33 தேர்த் திருவிழாக்களில் ஒன்று. அதற்குள் இலை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். டோக்கியோவின் மெய்ஜி ஆலயப் புறப்பூங்கா கிங்கோ வரிசையில் மஞ்சள் மிச்சமிருந்தால் காலையில் அதைப் பார்த்துவிட்டு, இகெபுகுரோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் 80 நிமிடம். திரும்பும் டிக்கெட்டை முதலில் வாங்குங்கள், போகும் டிக்கெட்டைப் பிறகு. அன்றிரவு தீர்ந்துபோவது திரும்பும் இருக்கைதான். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இரவு உறையவைக்கும்.